ஆறு பவுண்டு பிளேடும் ஒரு மேசைக் காலும்

ஸாஹித் முபாரக்குக்கு அப்போது வயது 19. பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்துப் பையன். கடையில் ஆறு பவுண்டு மதிப்புள்ள சவர பிளேடுகளைத் திருடியது, ஒரு காரில் கை வைத்தது, இரண்டுக்கும் சேர்த்து 90 நாள் தண்டனை. மேற்கு லண்டனில் உள்ள ஃபெல்தம் இளம் குற்றவாளிகள் சிறையில் இருந்தான். 2000 மார்ச் 21-ம் தேதி காலையில் விடுதலை. அன்று விடிவதற்குள் அதே அறையில் இருந்த இன்னொரு கைதி மேசைக் காலால் அவன் தலையில் அடித்தான். ஒரு வாரம் கழித்து ஸாஹித் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

ராத்திரி யாரோடு படுப்பது என்று கைதி தேர்ந்தெடுக்க முடியாது. கதவு வெளியே பூட்டியிருக்கிறது. ஓட இடமில்லை. பூட்டியவன்தான் காப்பாற்ற வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த இன்னொருவனைப் பற்றி யாருக்கும் தெரியாதா என்றால், தெரியும்! அவன் எழுதிய கடிதங்களில் இனவெறி வழிந்தது, சிறைத்துறையில் சிலர் அவற்றைப் படித்தும் இருந்தார்கள். 1998-ல் வேறொரு சிறையில் நடந்த கொலையில் அவன் பெயர் அடிபட்டிருந்தது. மனநலச் செவிலியர் ஒருவர் அவனுக்கு ஆளுமைக் கோளாறு என்று எழுதி வைத்திருந்தார். ஆனால் எல்லாம் வேறு வேறு ஃபைலில், வேறு வேறு ஆளிடம். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சட்டம் சிக்கலாவது இந்த இடத்தில்தான். 1994-ல் ஃபார்மர் எதிர் பிரென்னன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சக கைதியிடம் அடி வாங்குவது தண்டனையின் பகுதி அல்ல என்று ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் அதிகாரி மாட்ட வேண்டுமானால், ஆபத்து இருப்பது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அலட்சியமாக விட்டிருக்க வேண்டும். 'தெரிந்திருக்க வேண்டியவர்தானே' என்பது அங்கே போதாது. வெளிப்படையான ஆபத்து என்றால் தெரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். இந்த அளவுகோலை ஃபெல்தமுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஆளாளுக்கு "என் கைக்கு வந்தது ஒரு தாள்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஃபைலைத் திறக்காதவருக்குத்தான் லாபம். இது கொஞ்சம் அநியாயமாகப் படவில்லையா?

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு மாதிரி கேட்கிறது: தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? 1994-ல் செம்ஸ்ஃபோர்ட் சிறையில் மனநிலை பாதிக்கப்பட்ட இருவரை ஒரே அறையில் போட்டார்கள், ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டார். கொன்றவரைப் பற்றிய தகவல் சிறைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்த வழக்கில் 2002-ல் பிரிட்டன் உயிர் வாழும் உரிமையை மீறியது என்று தீர்ப்பு வந்தது. தகவல் வராததே குற்றமாகிவிட்டது, சாக்காக அல்ல.

ஸாஹித்தின் குடும்பம் பகிரங்க விசாரணை கேட்டது. உள்துறை அமைச்சர் மறுத்தார். கோர்ட் கோர்ட்டாக ஏறி, 2003 அக்டோபரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள்தான் விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்றார்கள். நீதிபதி கீத் 2006 ஜூனில் அறிக்கை கொடுத்தார். அதில் எண்ணப்பட்ட தவறுகள் 186, பரிந்துரைகள் 88.

இந்தக் கொலைக்குப் பிறகு அந்த நாட்டுச் சிறைகளில் ஒரு படிவம் வந்தது. இரண்டு பேரை ஒரே அறையில் போடுவதற்கு முன், இவனால் அவனுக்கு ஆபத்து உண்டா என்று பார்த்து நிரப்ப வேண்டும். நிரப்புகிறவர் முதலில் பழைய ஃபைல்களைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டும்.