குறுக்கே ஒட்டிய மரம்

குன்றத்தூர் மலையடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடியிருப்பின் இரண்டாம் தளத்துக்கு சென்ட்ரிங் நடந்துகொண்டிருந்தது. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட், 12 மி.மீ. கனம், ஏறக்குறைய முப்பது கிலோ. பீகார் இளைஞர்கள் இருவர் அதைத் தலையில் வைத்து, கைப்பிடி இல்லாத படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே ஜாக்கிகளை நிறுத்தி மட்டம் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கதவுப் பட்டறையில் தொழில் கற்றவர்.

உடைந்த ஷீட் ஒன்றின் விளிம்பை என் பக்கம் திருப்பினார். "எண்ணிப் பாருங்க சார்." ஒன்பது அடுக்கு. "எப்பவும் ஒத்தப்படைதான். ரெட்டப்படையில ஒட்டினா கோணிக்கும்."

மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. நாருக்குக் குறுக்கே, பச்சை மரம் முற்றிலும் காயும்போது நூற்றுக்கு எட்டுப் பங்கு வரைகூடச் சுருங்கிவிடும். ஓர் அடுக்கின் மேல் அடுத்ததைக் குறுக்காக ஒட்டினால் ஒன்றை மற்றொன்று இழுத்துப் பிடிக்கும். நடு அடுக்குக்கு இருபுறமும் இழுப்பு சமமாக இருக்கவேண்டும், அதற்குத்தான் ஒற்றைப்படை.

இதே அறிவைத்தான் 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பெரிதாக்கினார்கள். மெல்லிய தகடுகளுக்குப் பதில் 20 முதல் 40 மி.மீ. கனமுள்ள பலகைகள், மூன்று, ஐந்து, ஏழு அடுக்குகள். 3 மீட்டர் அகலம், 16 மீட்டர் நீளம் வரை ஒரே துண்டு. சி.எல்.டி. எனப்படும் அந்தப் பலகையே சுவர், அதுவே தளம். லண்டன் மரே குரோவில் 2009-இல் முடிந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில், கான்கிரீட் தரைத்தளத்துக்கு மேலே எட்டு மாடிகளை அதைக் கொண்டே எழுப்பினார்கள். நம்மைப் போலப் புழுக்கமான சிங்கப்பூரிலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கையா கட்டடம் 2023-இல் திறக்கப்பட்டது. இங்கே மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்துக்கு 1993-இல் விதித்த தடையை 2020-இல்தான் நீக்கியது.

12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 16 செ.மீ. கனம் என்று ஒரு பலகையைக் கணக்கிட்டு மேஸ்திரியிடம் சொன்னேன். ஊசியிலை மரத்தில் அது மூன்று டன்னுக்குள் அடங்கும். அதே அளவு கான்கிரீட் பதினான்கு டன்.

"அப்ப அஸ்திவாரமே கொறையுமே!" என்றார் உடனே. பொறியியல் மாணவர்கள் பாடத்தில் படித்துத் தெரிந்துகொள்வது அவருக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது.

பிறகு தெருமுனையைக் காட்டினார். வெளிவட்டச் சாலை வரைக்கும் எவ்வளவு நீள வண்டியும் வரும். இந்தத் திருப்பத்தில் தண்ணி லாரியே பின்வாங்கித்தான் நுழைகிறது. பன்னிரண்டு மீட்டரை இங்கே மறந்துவிடலாம். குன்றத்தூருக்கென்று பலகை செய்வதானால் அதன் நீளத்தைத் தெருவின் திருப்பம்தான் முடிவு செய்யும்.

ஈரம் பற்றியும் பேசினோம். ஆலையில் மரத்தின் ஈரப்பதம் பன்னிரண்டு சதவீத அளவில் இருக்கும்போது ஒட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்குள்ள காற்று அதை அப்படியே இருக்க விடாது. மேஸ்திரி ஷீட்டை அறுத்ததும் விளிம்புக்கு பெயின்ட் அடிக்கிறார். நார் முனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய். இந்தப் பலகை தமிழ்நாட்டுக்கு வருமானால், விளிம்பை எப்படிக் காப்பது, கரையான் ஏறாமலிருக்க அடியில் எவ்வளவு உயரம் விடுவது என்பதையெல்லாம் இவரைப் போன்றவர்களை உட்காரவைத்துக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். இவர்களை வெறும் தூக்குக் கூலிகளாக்கிவிடக் கூடாது.

"ஜன்னல் ஓட்டை எங்க போடுவாங்க?" என்று கேட்டார்.

ஆலையிலேயே, கணினி இயந்திரத்தில், மில்லிமீட்டர் சுத்தமாக அறுத்து வந்துவிடும் என்றேன்.

"செவுரு எழுந்தப்புறம் வீட்டுக்காரம்மா அடுப்படி ஜன்னல மாத்தச் சொல்லுவாங்களே சார், அதுக்கு?"