ரெண்டு பேர் பேரில் ஒரு கணக்கு

தோப்பும்படியில் இருப்பதில் ஒரு சௌகரியம், தமிழ் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு வருகிற ஆழ்கடல் படகுகளில் நிறைய, குமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்து ஆட்களுடையவை. கரையேறிய மறுநாளே காசோடு எங்கள் கிளைக்கு வந்துவிடுவார்கள். என் மலையாளம் இத்தனை வருடத்துக்கு அப்புறமும் "இவிடெ ஒப்பிடணும்" என்பதைத் தாண்டி அதிகம் வளரவில்லை (வீட்டம்மா வெளுத்து வாங்குகிறாள், அது வேறு கதை). அதனால் அவர்கள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான்.

போன மாதம் அப்படி ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் ஊர்ப் பையன் ஒருவன் ஃபுட்பால் ஆடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போயிருக்கிறான். அந்தக் கரையில் கிரிக்கெட்டை விட ஃபுட்பால்தான் உசிர். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்கால ட்யூஷன் நடத்த வருடா வருடம் பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறானாம்.

"சார், இதுக்கு ட்ரஸ்ட் கிரஸ்ட்னு போவணுமா? ரெண்டு பேரு பேருல ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட் போட்டா போதாதா?"

எனக்குச் சுருக்கென்றது. இதே யோசனையை 2009-இல் சொன்ன அதிபுத்திசாலி நான்தான். "வியாழக்கிழமை வாங்கண்ணே, விவரமா பேசுவோம்" என்று அனுப்பி வைத்தேன்.

நான் சேலம் மாவட்டத்துக்காரன். எங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். சிகிச்சைக்கு வாங்கிய 3 லட்சம் ரூபாய் கடன் வருடக்கணக்காகத் தீராமல் இருந்ததாக அப்போது செய்திகளில் படித்தேன். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம். ரியோ முடிந்ததும் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. அந்த மனிதர் உடனே செய்தது, தான் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் தருகிறேன் என்று சொன்னது. வாடகை வீட்டில் இருந்த குடும்பம் ஐயா அது!

அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பேங்க்காரன் புத்தி, மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. 30 லட்சத்தைக் கட்டடமாகக் கட்டினால் ஒரு திறப்பு விழா, ஒரு கல்வெட்டு. வைப்பில் போட்டு, வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் வருடம் 2 லட்சத்து 10 ஆயிரம். மாதம் 17,500 ரூபாய், ஒரு ட்யூஷன் வாத்தியார் சம்பளம். முதல் அப்படியே கிடக்கும். ஆனால் அந்த வட்டியை வருடா வருடம் யார் எடுப்பது, யாருக்குக் கொடுப்பது, யாரிடம் கணக்குக் காட்டுவது? விளையாட்டுக்காரன் ஊரில் இருக்க மாட்டான். அவன் கேம்ப்பில் இருப்பான், நம்மைப் போலவே.

அமெரிக்காவில் பாஸ்கெட்பால் லெப்ரான் ஜேம்ஸ் இதைப் பெரிய அளவில் செய்தார் (என் பையன் அவர் பக்தன், அவன் சொல்லித்தான் தெரியும்). நாலாம் வகுப்பில் 83 நாள் பள்ளிக்குப் போகாத பிள்ளை அவர். ஒரு பயிற்சியாளர் குடும்பம் தங்கள் வீட்டில் தங்கவைத்து அனுப்பிய பிறகுதான் ஒழுங்காகப் போயிருக்கிறார். 2004-இல் அறக்கட்டளை தொடங்கி, 2018-இல் சொந்த ஊரான ஆக்ரனில் 'ஐ ப்ராமிஸ்' பள்ளியைத் திறந்தார்கள். எனக்குப் பிடித்த விஷயம், அது தனியார் பள்ளி இல்லை. ஊரின் அரசுப் பள்ளி நிர்வாகத்துக்குக் கீழேதான் நடக்கிறது. மேற்கொண்டு ஆகிற செலவுக்கு அறக்கட்டளை கைகொடுக்கிறது. பிள்ளைக்குச் சைக்கிள், வீட்டுக்கு மளிகை, படிப்பை விட்ட அப்பா அம்மாவுக்கும் வகுப்பு என்று யோசித்திருக்கிறார்கள். அப்படியும் 2023-இல் ஒரு செய்தி வந்தது. அங்கே எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட மூன்றாம் வகுப்புக்குப் பிறகு மாநிலக் கணக்குத் தேர்வில் தேறவில்லையாம். ஊரே கேலி பேசியது. எனக்கோ, அந்த நம்பர் வெளியே தெரிந்ததே பெரிசு என்று பட்டது. யாரோ உட்கார்ந்து வருடா வருடம் பார்க்கிறார்கள் இல்லையா?

எங்கள் கதைக்கு வருகிறேன். 2009-இல் பத்தாம் வகுப்பு செட் ஒன்றாகக் கூடினோம். பிரியாணி, போட்டோ, ஒரு சபதம்: பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஃபீஸ், நோட்டு. வசூல் 1 லட்சத்து 60 ஆயிரம். ட்ரஸ்ட் பதியலாம் என்று ஒருத்தன் சொன்னான். "பத்திரம், பான் கார்டு, ஆடிட்டர்னு எதுக்குடா இழுக்கற, ரெண்டு பேர் பேர்ல போட்டுடலாம்" என்று பி.காம். படித்த நான் தீர்ப்பு சொன்னேன். யாரும் தனியாக எடுத்துவிடக் கூடாதே என்று இரண்டு கையெழுத்தும் கட்டாயம். நாமினி போடவில்லை. ஐந்து வருடம் ஒழுங்காக நடந்தது. 2014-க்கு அப்புறம் எனக்கு மாற்றல், அவனுக்கு வியாபாரம். இரண்டு வருடம் அசையாத கணக்கு செயலற்றது ஆகிவிடும், பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போய்விடும். கேட்டால் திரும்பக் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். இதைத் தினமும் அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

நண்பன் 2021-இல் கொரோனாவில் போய்விட்டான். இப்போது நானும் அவன் வாரிசுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். துக்கம் கேட்க ஒரு தடவை போன் செய்ததோடு சரி, அவன் மனைவியிடம் நான் பேசவே இல்லை. எந்த முகத்தோடு இதைக் கேட்பது?

புதன்கிழமை ராத்திரி கேட்டேன்.

"அந்த ஸ்கூல் பணமாங்கண்ணா? அவரு ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே சொன்னாரு. நீங்க கூப்பிடுவீங்கன்னு பாஸ்புக்க எடுத்து வெச்சிருக்கேன்" என்றது அந்தப் பெண்.

நாலு வருடத்துக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறது.

வியாழக்கிழமை படகுக்காரர் வந்தார். ஜாயிண்ட் அக்கவுண்ட் வேண்டாம், ட்ரஸ்ட்டாகவே போகலாம் என்றேன். ஐந்து பேராவது இருக்கட்டும், அதில் இரண்டு பேர் கடலுக்குப் போகாதவர்களாக, ஊரிலேயே இருப்பவர்களாக வேண்டும், ஒருத்தர் இல்லாமல் போனால் அடுத்தவரை எப்படிச் சேர்ப்பது என்று பத்திரத்திலேயே எழுதணும் என்று சொல்லச் சொல்ல, அவர் மீன் ஏல ரசீதுக்குப் பின்னால் எழுதிக்கொண்டார்.

"பெயரெல்லாம் கேட்டுக்கிட்டு வாறேன் சார். அடுத்த ட்ரிப்பு முடிஞ்சி கரைக்கு வர ஒரு மாசம் ஆவும், பரவால்லியா?"

"பரவாயில்லண்ணே" என்றேன். எனக்கும் அதற்குள் ஒரு தடவை சேலம் போய்வர லீவு கேட்க வேண்டியிருந்தது.