ஒரு தேங்காய், இரண்டு இனிப்பு
(புத்தளக் கரையோரம் ஒரு பயணம்)



பயணக் கட்டுரை என்றதும் கோட்டைகளையும் கடற்கரைகளையும் எதிர்பார்ப்பீர்கள். அவையும் வழியில் உண்டு. ஆனால் இம்முறை நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அடுப்படிகளுக்குத்தான். புத்தளக் கரையோரத்தில் தேங்காய் எப்படி இனிப்பாகிறது, அந்த இனிப்புக்குள் பிள்ளைகள் கேட்கும் சொக்லட் எப்படி வந்து சேர்ந்தது, தேங்காய் விலை ஏறிய நாளிலும் அது எப்படி நின்றுவிடாமல் தொடர்கிறது என்பதைப் பார்க்கலாம், வாருங்கள்.

கொழும்பிலிருந்து புத்தளம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நீர்கொழும்பைத் தாண்டி மா ஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடும். அங்கிருந்து பஸ்ஸின் இரு பக்கமும் தென்னைதான். கம்பஹா, குருநாகல், புத்தளம் ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்துத் 'தென்னை முக்கோணம்' என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த முக்கோணத்தின் கடலோரப் பக்கத்தில்தான் நாம் போய்க்கொண்டிருக்கிறோம். வழியில் லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அது.

இந்தக் கரையோர ஊர்களில் தேங்காய்த் துருவல் ஆலைகள் பல உண்டு. தேங்காயின் சிரட்டையை நீக்கி, கபிலத் தோலைச் சீவி, வெள்ளைப் பருப்பை மட்டும் துருவி உலர்த்திப் பொதி செய்து கப்பலேற்றுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்துவரும் தொழில் இது. அந்த உலர்ந்த துருவல் போய்ச் சேரும் இடங்களில் வெளிநாட்டு பிஸ்கட், மிட்டாய், சொக்லட் தொழிற்சாலைகளும் அடங்கும். பிரித்தானியாவில் 1951இல் 'பவுண்டி' என்ற சொக்லட் வெளிவந்தது. வெளியே சொக்லட், உள்ளே தேங்காய்ப்பூ. இன்று நம் ஊர்க் கடைகளிலும் அது கிடைக்கிறது. வாப்பா வளைகுடாவிலிருந்து வரும்போது பெட்டியில் கொண்டுவருகிறார். பிள்ளைகளும் அதை வெளிநாட்டுப் பண்டம் என்று கொண்டாடுகிறார்கள். தேங்காயும் இனிப்பும் சேரும் அந்தச் சுவை நம் வீட்டுத் திருவலைக்கு எவ்வளவு பழையது என்று அவர்களுக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வதைவிடச் செய்து காட்டுவது இன்னும் நல்லது.

அப்படியானால் கொக்கோவையும் தென்னைக்கு நடுவே இங்கேயே பயிரிடலாமே என்று கேட்பீர்கள். நம் நாட்டில் கொக்கோ விளைவது மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில். அதற்கு நிழலும் வேண்டும், ஆண்டு முழுவதும் பரவலான மழையும் வேண்டும். நிழலைத் தென்னை கொடுத்துவிடும். மழைக்கு எங்கே போவது? மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை புத்தளத்து மண் காய்ந்து கிடக்கும். ஆகவே இங்கே தேங்காய் தோட்டத்திலிருந்து வருகிறது, கொக்கோ கடையிலிருந்து வருகிறது.

மாரவிலை, சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிபிக்கன் என்றொரு தேங்காய்க் கேக் செய்வார்கள். தேங்காய்ப்பூ, கருப்பட்டி, ரவை, வாசனைத் திரவியங்கள் சேர்ந்து கறுத்து மினுங்கும் பண்டம் அது. நத்தார் காலத்தில் அயல் வீடுகளுக்கும் தட்டில் வரும். நாம் பெருநாளைக்கு வட்டலப்பமும் தொதலும் அனுப்புகிறோம். இப்படித் தட்டுகள் போய் வந்ததில் பிபிக்கன் முஸ்லிம் வீடுகளுக்கும் பழக்கமாகிவிட்டது. ஓவன் இல்லாத காலத்தில் சட்டியை அடுப்பில் வைத்து, மூடியின் மேலும் சிரட்டைத் தணலைப் பரப்பி, மேல்சூட்டிலும் கீழ்சூட்டிலும் வேகவைப்பார்கள். தேங்காய் உள்ளே வேக, அதன் சிரட்டையே விறகாயிற்று.

பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிப் பாதை. நேரே போனால் சில கிலோமீட்டரில் புத்தளம் நகரம். உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு இந்தக் கரையில்தான் இறங்கினார். அவர் 'பத்தாலா' என்று எழுதிய ஊர் புத்தளம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவாத் தடிகள் கரையிலே மலைபோலக் குவிந்து கிடந்ததை அவர் குறித்து வைத்திருக்கிறார். தென்னையைப் பற்றியும் அவருடைய பயண நூலில் விரிவாக வருகிறது. தேங்காயிலிருந்து பால், எண்ணெய், பாணி ஆகியவை எடுக்கும் முறையை அவர் வியந்து விவரிக்கிறார். இன்று உங்கள் பெருநாள் இனிப்பில் சேரும் கறுவாவும் தேங்காய்ப்பாலும் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பயணியின் கண்ணில் பட்டவை.

ஆனால் இந்தக் கரைக்கு வந்தவர்கள் எல்லோரும் இப்னு பதூதாவைப் போல விருந்தாளியாக வரவில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை மூத்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் வெறும் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினரைப் புத்தளம் ஏற்றுக்கொண்டது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீடுகளும் திறந்தன. பிறகு தில்லையடி, ஆலங்குடா, பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டி என்று தென்னந்தோட்டங்களில் முகாம்கள் எழுந்தன. கூரைக்குக் கிடுகு, கறிக்குத் தேங்காய், அடுப்புக்கு மட்டையும் சிரட்டையும். வந்தவர்களைத் தாங்கியதில் தென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

கற்பிட்டிப் பாதையில் ஒரு வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். பேரப்பிள்ளைகள் 'மூத்தம்மா' என்று அழைக்கும் அந்தத் தாய்க்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மன்னாரிலிருந்து மூன்று பிள்ளைகளோடு படகில் வந்தவர். நான் விறாந்தையில் இருந்துகொண்டேன். என் மனைவிதான் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தும் கேட்டும் வந்தார். இங்கே எழுதுவது அந்தக் குறிப்புகளைக் கொண்டுதான்.

1991 ஏப்ரலில் வந்த நோன்புப் பெருநாள்தான் முகாமில் அவருக்கு முதல் பெருநாள். ஓலைக் குடிசையில் தட்டுமுட்டுச் சாமானே இல்லாத நேரத்தில் இனிப்பை யார் நினைப்பார்? ஆனால் பிள்ளைகள் கேட்டார்கள். அயலிலே ஒரு வீட்டார் ஒரு தேங்காயும் கொஞ்சம் கருப்பட்டியும் கொடுத்தனுப்பினார்களாம். பாலைப் பிழிந்து ஒன்று செய்தார், பிழிந்த பூவை வறுத்து இன்னொன்று செய்தார். இரண்டாவதைத் தட்டில் வைத்து, தேங்காய் தந்த அந்த வீட்டுக்கே முதலில் அனுப்பினார். வாங்கியவர் கொடுத்தவருமானார். அகதி என்ற பெயர் அன்று ஒரு பொழுதாவது தம்மை விட்டு நீங்கியிருந்தது என்று அவர் சொன்னபோது என் மனைவியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

2009இல் யுத்தம் முடிந்த பின் சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள். சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். பலருக்கு இரண்டு ஊரிலும் வேர் இருக்கிறது. இந்தத் தாய் தங்கிவிட்டவர். இப்போது கல்வீடு, எரிவாயு அடுப்பு, சிறிய ஓவன் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு தேங்காயை இரண்டாக்கும் பழக்கத்தை அவர் விடவில்லை.

அந்தப் பழக்கத்தின் அருமை நமக்கு அண்மையில்தான் விளங்கியது. 2024இன் இறுதியிலும் 2025இன் தொடக்கத்திலும் தேங்காய் ஒன்றின் விலை 200 ரூபாவைத் தொட்டது, சில இடங்களில் தாண்டியது. தென்னை நாட்டிலேயே தேங்காயை எண்ணி வாங்கும் நிலை! பாளை விரிந்து தேங்காய் முற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். ஆகவே இந்த ஆண்டின் கடும் வெயிலும் வரட்சியும் அடுத்த ஆண்டுதான் சந்தையில் தெரியும். அதே 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கொக்கோ ஒரு டன் 12,000 டொலரைத் தாண்டியது. கொக்கோவின் பெரும்பகுதி விளையும் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய நாடுகளில் காலநிலையும் மர நோயும் விளைச்சலைக் குறைத்ததுதான் காரணம். தேங்காயும் சொக்லட்டும் ஒரே நேரத்தில் எட்டாக் கனியாகின. பல வீடுகளில் பெருநாள் இனிப்பு நின்றது. இல்லையேல் கடையில் ஒரு பெட்டி வாங்குவதோடு முடிந்தது.

மூத்தம்மாவின் வீட்டில் நிற்கவில்லை. அவர் செய்யும் முறையை அளவோடு தருகிறேன். இப்போது பேரப்பிள்ளைகளுக்காகக் கொக்கோத் தூளும் சேர்க்கிறார். சொக்லட் கட்டியைவிடத் தூள் நமக்கு வசதி. கொக்கோக் கொழுப்பு ஏறக்குறைய நம் உடல் சூட்டிலேயே உருகிவிடும். புத்தளத்து நண்பகலில் கட்டி கையில் நிற்காது. தூளோ காற்றுப் புகாத போத்தலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

முதலாவது, கொக்கோ வட்டலப்பம்

நடுத்தரத் தேங்காய் ஒன்றை உடைத்து ஒரு பாதியைத் துருவி, முக்கால் கோப்பை இளஞ்சூட்டு நீர் விட்டு நன்றாகப் பிசைந்து கட்டிப்பால் எடுங்கள். பிழிந்த பூவை எறிந்துவிடாமல் மூடி வையுங்கள். கித்துள் கருப்பட்டி 200 கிராமைச் சீவிப் பாலில் கரைத்து வடிகட்டுங்கள். கொக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டியைச் சிறிது சூடான பாலில் கட்டியில்லாமல் குழைத்துச் சேருங்கள். நான்கு முட்டைகளை நுரை அதிகம் எழாமல் அடித்துக் கலந்து, ஏலக்காய்த் தூளும் ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூளும் இட்டு மறுபடி வடித்துப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். மேலே கடதாசியால் மூடி, மெல்லிய தீயில் அரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். தீ கூடினால் முட்டை இறுகித் தண்ணீர் விடும், உள்ளே ஓட்டைகளும் விழும். நடுவில் இலேசாக ஆடும்போதே இறக்கிவிட்டால், ஆறும்போது தானாக இறுகிக்கொள்ளும்.

இரண்டாவது, கொக்கோ பிபிக்கன்

மற்றப் பாதித் தேங்காயைத் துருவி, பிழிந்து வைத்த பூவோடு சேருங்கள். கருப்பட்டி 250 கிராமை அரைக் கோப்பை நீரில் கரைத்து வடித்து அடுப்பில் வையுங்கள். கொதித்ததும் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பத்து நிமிடம் கிளறி இறக்குங்கள். பிழிந்த பூவில் கொழுப்புக் குறைவு என்பதால் பட்டர் அல்லது தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்க்க வேண்டும். இதை விட்டால் கேக் வரண்டுபோகும். வறுத்த ரவை 125 கிராமைக் கலந்து, ஒரு மணி நேரம் ஆறவும் ஊறவும் விடுங்கள். பிறகு கோதுமை மா 50 கிராம், கொக்கோத் தூள் இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை ஒன்றாகச் சலித்துச் சேருங்கள். கறுவா, ஏலம், கராம்புத் தூள் எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, அடித்த முட்டை இரண்டு, நறுக்கிய கஜு ஒரு பிடி. எட்டு அங்குலத் தட்டில் பரப்பி, 160 பாகைச் சூட்டில் 45 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தால் மா ஒட்டக்கூடாது. அன்றைக்கே வெட்ட வேண்டாம். மறுநாள்தான் சுவை சேரும்.

கடையில் சொக்லட் சார்ந்த பொருட்கள் வாங்கும்போது ஒரு வார்த்தை. பொதியில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். சிலவற்றில் ரம், பிரண்டி போன்ற மதுவும், எதிலிருந்து எடுத்ததென்று தெரியாத ஜெலட்டினும் சேர்ந்திருக்கும். வீட்டில் செய்வதில் இந்தச் சந்தேகமே இல்லை. உள்ளே என்ன போனது என்பது உங்கள் கைக்குத் தெரியும்.

இரண்டு பண்டமும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கும் போதும், பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டும் மிஞ்சும். குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அயலாருக்கும் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். வசதி பெருகும்வரை காத்திருந்து கொடுக்கச் சொல்லவில்லை. இருப்பதையே சற்று நீட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். கிடுகுக் குடிசையில் ஒரு தேங்காயை இரண்டாக்கிய தாய் செய்ததும் அதுதான்.

சகோதரிகளே! இந்தத் தாய்மார் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்கள் கையளவில் வைத்திருப்பதை நாம் கரண்டியளவில் எழுதி வைக்காவிட்டால் அது அவர்களோடு போய்விடும். அடுத்த பெருநாளுக்கு முன் உங்கள் வீட்டு மூத்தம்மாவை அடுப்படியில் ஒரு நாற்காலியில் அமர்த்துங்கள். உங்கள் மகள் திருவலையில் இருக்கட்டும், மகன் கருப்பட்டியைச் சீவட்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். இனிப்போடு சேர்ந்து, எந்த ஊரிலிருந்து எப்படி வந்தோம் என்ற கதையும் வரும். தேங்காய் விலை நாளை இறங்கலாம், ஏறலாம். அந்தக் கதையைச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் கேட்டுவிட வேண்டும். அல்லாஹ் உங்கள் அடுப்படிகளில் பரக்கத் செய்வானாக!