மிச்சிகன் ஏரிக்கரையின் குட்டி டிராக்டர்கள்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்து மிச்சிகன் ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே 40 கிலோமீட்டர் போனால் போர்ட் வாஷிங்டன் வரும். ஏரி என்று பெயர்தான். கரையில் நின்றால் மறுகரை தெரியாது, அலையும் அடிக்கிறது. போர்ட்டிக்சனில் நிற்பது போலத்தான் இருக்கும். உப்புக்காற்று மட்டும் இல்லை. அலைதடுப்புச் சுவரின் முனையில் 1935-இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம், மேட்டில் தேவாலயக் கோபுரம், கீழே படகுத்துறை. புகைப்படம் எடுக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த ஊரில் ஒரு காலத்தில் என்னென்ன செய்தார்கள் என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

நான் அந்தப் பக்கம் போனது ஒரு பாட்டைத் தேடி. வானொலியில் வேலை செய்கிறவர்களுக்குப் பழைய இசைத்தட்டு மீது கொஞ்சம் பைத்தியம் இருக்கும். போர்ட் வாஷிங்டனில் விஸ்கான்சின் சேர் கம்பெனி என்று ஒரு நாற்காலித் தொழிற்சாலை இருந்தது. நாற்காலி செய்தவர்கள் கிராமபோன் பெட்டி செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமே என்று 1917-இல் பாரமவுண்ட் என்ற பெயரில் இசைத்தட்டும் போட ஆரம்பித்தார்கள். 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராஃப்டனில் 1929-இல் ஒலிப்பதிவுக்கூடம் வந்தது. சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் என்று மிசிசிப்பிப் பக்கத்துக் கறுப்பினக் கலைஞர்கள் அங்கே வந்து பாடிவிட்டுப் போனார்கள். பொருளாதார வீழ்ச்சியில் எல்லாம் மூடப்பட்டது. மூலப்பதிவின் உலோக அச்சுகளில் பெரும்பகுதி பழைய உலோக விலைக்குப் போனது. இன்று அந்தக் குரல்கள் நமக்குக் கேட்கின்றன என்றால், பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் வீடுவீடாகக் கதவைத் தட்டி, தேய்ந்துபோன தட்டுகளை வாங்கி வைத்ததால்தான். சில பாட்டுகளுக்கு உலகத்திலேயே ஒன்றிரண்டு தட்டுகள்தான் மிச்சம்.

கிராஃப்டனில் ஒரு நினைவுச் சதுக்கம் இருக்கிறது, ஆறு இருக்கிறது. அரை நாளில் பார்த்து முடித்துவிட்டேன். மறுநாள் விடுதியில் பசியாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைப் பெரியவர் எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "பழைய சத்தம்தானே வேண்டும்? சனிக்கிழமை வயலுக்கு வாருங்கள்" என்றார்.

வயல் என்றால் அறுவடை முடிந்த ஒரு மைதானம். செப்டம்பரில் விஸ்கான்சினில் பல ஊர்களில் பழைய கதிரடி இயந்திரங்களை ஓட்டிக் காட்டும் திருவிழா நடக்கும். பெரிய நீராவி எந்திரங்களைச் சுற்றித்தான் கூட்டம். பெரியவர் என்னை அதைத் தாண்டி, வேலியோரம் வரிசையாக நின்ற குட்டி டிராக்டர்களிடம் அழைத்துப் போனார்.

தோட்ட டிராக்டர் என்றால் நம் வாசகர்களுக்கு வேறு படம் மனத்தில் வரும்: எஸ்டேட்டில் பால் டாங்கியை இழுத்த டிராக்டர், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போன டிராக்டர். இங்கே தோட்டம் என்பது வீட்டுத் தோட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போனபோது, ஒன்று இரண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கினார்கள். விவசாயம் செய்ய அது போதாது. கையால் புல் வெட்டவோ அது அதிகம். அவர்களுக்காக வந்தது இந்த வண்டி. உயரம் நம் இடுப்பளவு. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பெரும்பாலும் 7 முதல் 14 குதிரைச் சக்தி. ஆனால் விளையாட்டுப் பொருள் இல்லை. கோடையில் புல் வெட்டும். வசந்தத்தில் கலப்பை பூட்டினால் மண்ணை உழும். பனிக்காலத்தில் முன்னால் ஒரு தகடு மாட்டினால் வாசல் பனியைத் தள்ளும். இப்போது கடைகளில் கிடைக்கும் புல்வெட்டி வண்டியில் கலப்பையைக் கட்டினால் கியர்பெட்டி தாங்காது. இவற்றின் கியர்பெட்டி வார்ப்பிரும்பு.

இந்த வண்டிகளில் இரண்டு பெரிய பெயர்கள் இதே சின்ன ஊரிலிருந்து வந்தவை. ஒன்று போலன்ஸ், இன்னொன்று சிம்ப்ளிசிட்டி. போலன்ஸ் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த ஹாரி போலன்ஸ் ஊரின் மேயராகவும் மாநிலச் செனட்டராகவும் இருந்தவர். 1946-இல் எஃப்.எம்.சி. நிறுவனம் அதை வாங்கியது. சிம்ப்ளிசிட்டியை 1922-இல் தொடங்கியவர் வில்லியம் நீடர்கோர்ன். அது பல பெயர்களுக்கு வண்டி செய்து கொடுத்தது. மாண்ட்கோமரி வார்ட் அஞ்சல்வழிக் கடைக்கு ஒரு பெயரில். 1961-இலிருந்து அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்துக்கு அதன் பெயரில். 1965-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் சிம்ப்ளிசிட்டியையே வாங்கிவிட்டது. ஆக ஒரே கூரையின் கீழ் பிறந்த அண்ணன் தம்பிகள் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வேறு வேறு கடைகளில் நின்றார்கள். வேலியோரம் நான் மூன்று கம்பெனி வண்டிகள் என்று நினைத்துப் பார்த்தவை மூன்றும் ஒரே வண்டி என்று பெரியவர் பொறுமையாக விளக்கினார்.

எஞ்சின் பக்கம் குனிந்தால் கோலர் என்று எழுதியிருந்தது. நம் ஊர் பெரிய ஹோட்டல் குளியலறைகளில் குழாயிலும் கழிப்பறைப் பீங்கானிலும் பார்க்கிற அதே கோலர்தான். அந்தப் பெயரிலேயே ஒரு ஊர் இருக்கிறது, போர்ட் வாஷிங்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில். கழிப்பறையும் டிராக்டர் எஞ்சினும் ஒரே கம்பெனியா என்று நான் சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை போலும்.

அன்று என்னை அதிக நேரம் நிற்க வைத்தது இந்த ஊர் வண்டி இல்லை. மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் ஹோரிகன் என்ற ஊர். வான் ப்ரண்ட் என்ற பழைய விதைக்கருவிக் கம்பெனியை ஜான் டியர் 1911-இல் வாங்கி, அங்கே தொழிற்சாலை நடத்தியது. 1963-இல் ஜான் டியரின் முதல் தோட்ட டிராக்டர் '110' அங்கிருந்துதான் வந்தது. ஜான் டியர் என்றால் பச்சை உடல், மஞ்சள் சக்கரம், குழந்தைக்கும் தெரியும். ஆனால் வேலியோரம் ஒரு வெள்ளை வண்டி நின்றது. மூக்குப்பகுதியும் இருக்கையும் ஆரஞ்சு.

1969-இல் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. புறநகர்க்காரர்கள் வீட்டுக்குப் பொருத்தமான நிறத்தில் வண்டி வேண்டும் என்பார்கள் என்று நினைத்து, உடலுக்கு வெள்ளையும், மூக்குக்கும் இருக்கைக்கும் சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் ஆகிய நான்கில் ஒன்றுமாக விற்றார்கள். 'பேட்டியோ' டிராக்டர் என்று பெயர். வாங்க வந்தவர்கள் பச்சையைத்தான் கேட்டார்கள். கடைக்காரர்கள் பலர் நிற மூக்கையும் இருக்கையையும் கழற்றிவிட்டு அல்லது மேலே பச்சை அடித்து விற்றுத் தீர்த்தார்கள். 1971-க்குப் பிறகு அந்த நிறங்கள் இல்லை. இன்று சேகரிப்பாளர்கள் அலைவது, அன்று யாரும் வேண்டாம் என்ற அந்த நிறங்களுக்காக. பச்சைப் பூச்சை மெல்லச் சுரண்டி, அடியில் ஆரஞ்சு எட்டிப்பார்க்கிறதா என்று தேடுகிறார்கள். சாதாரண 110-க்கு ஆரஞ்சு அடித்து அதிக விலை சொல்கிறவர்களும் உண்டாம். ஆகவே இருக்கைக்கு அடியில், மூக்கின் உள்பக்கத்தில், திருகாணிக்குக் கீழே என்று வெயில் படாத இடங்களில்தான் முதலில் பார்ப்பார்களாம்.

இங்கேதான் பெரியவரும் நானும் ஒத்துப்போகவில்லை. அவர் வைத்திருந்த எல்லா வண்டிகளும் பளபளவென்று இருந்தன. பக்கத்து வரிசையில் ஒருவர் துருவும் உரிந்த பெயிண்டும் அப்படியே இருக்க, எஞ்சினை மட்டும் சரிசெய்து நிறுத்தியிருந்தார். பிடிக்கம்பியில் யாரோ ஒருவரின் கை ஐம்பது வருடம் பிடித்த தேய்மானம் தெரிந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. புதுப்பெயிண்ட் அடித்தால் அந்தக் கை அழிந்துவிடுமே என்றேன். "துரு அழகுதான். ஆனால் அது காத்திருக்காது. நீங்கள் படம் எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள், அது இங்கே இரும்பைத் தின்றுகொண்டிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் என் எண்ணம் மாறவில்லை. கீறலை நீக்கிய பாரமவுண்ட் பதிவுகளைவிட கீறலோடு இருக்கும் பதிவுகளையே விரும்பிக் கேட்கும் ஆள் நான்.

பெரியவர் சிம்ப்ளிசிட்டி தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2004-இல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் அதை வாங்கியது. 2008-இல் போர்ட் வாஷிங்டன் ஆலை மூடப்பட்டது. போலன்ஸ் அதற்கு முன்பே, 1980-களின் இறுதியில் கைமாறி ஊரை விட்டுப் போயிருந்தது. கண்காட்சியில் சிலர் ஒரு வண்டியின் சக்கரம் அந்த ஆண்டுக்குரிய நிறத்தில் இல்லை, இது ஒரிஜினல் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் அந்த ஆண்டின் விளம்பரத்தாள் இருந்தது. பெரியவர் என் காதருகே சொன்னார்: புது ஆண்டு மாடல் தொடங்கும்போது கிடங்கில் பழைய சக்கரம் மிச்சமிருந்தால் அதைத்தான் மாட்டுவோம், தூக்கியா எறிவோம்? இது எந்த விளம்பரத்தாளிலும் கிடையாது. உதிரிபாகப் புத்தகத்திலும் இருக்காது. அந்த வரிசையில் நின்று மாட்டிய ஆளுக்குத்தான் தெரியும். அவருக்கு வயது 79.

அதனால்தான் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தேன். இரண்டு மணி நேரம் பேசினார். எந்த இடத்தில் வண்டி எண் குத்துவார்கள், எந்த மாதம் எந்தப் பாகத்தை மாற்றினார்கள், பெயிண்ட் பகுதியில் கோடையில் எவ்வளவு புழுக்கம், மதிய உணவுக்கு ஏரிக்கரைக்கு நடந்து போனது. சேகரிப்பாளர்கள் வண்டி எண்களைக் குறித்துச் சேர்க்கிறார்கள், பழைய கையேடுகளைப் பிரதி எடுத்துப் பகிர்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் பேச்சைச் சேகரிக்கிறவர் அந்த வயலில் யாரையும் காணோம். இதுவரை உங்களை யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டேன். என் மனைவி மட்டும்தான் கேட்டிருக்கிறாள், அதுவும் நிறுத்தச் சொல்லித்தான் என்றார்.

எங்கள் தாத்தா வேலை செய்த தோட்டத்தில் ரப்பர் ஷீட் போடும் உருளை மெஷின்கள் இரண்டு இருந்தன. தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது அவை லோரியில் ஏறி பழைய இரும்புக்கடைக்குப் போயின. எந்த நாட்டில் செய்தது, எந்த ஆண்டு வந்தது, எந்தப் பாட்டி பிடியைச் சுற்றினார் என்று ஒரு துண்டுச்சீட்டுகூட எங்கள் வீட்டில் இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, மெஷினின் பக்கவாட்டில் என்ன எழுத்து வார்த்திருந்தது என்பதுதான். அம்மாவுக்கு அங்கேயே வாட்ஸ்அப்பில் கேட்டு அனுப்பினேன். அம்மா பெரியம்மாவிடம் கேட்டார், பெரியம்மா கிள்ளானில் இருக்கும் மாமாவிடம் கேட்டார். பதில் வந்தபோது விஸ்கான்சினில் இரவு பத்து மணி: "எழுத்து ஞாபகம் இல்லை. ஆனால் பச்சை பெயிண்ட்."

போக நினைப்பவர்கள் செப்டம்பரில் போங்கள், அக்டோபர் கடைசியில் குளிர் தாங்காது. சிகாகோ விமான நிலையத்திலிருந்து கார் எடுத்தால் இரண்டு மணி நேரம். வண்டிகளைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். ஏறி உட்காரச் சொல்வார்கள், பெரும்பாலும் ஓட்டவும் கொடுப்பார்கள். கிளட்ச் இடது காலில்.