தெம்பனிசில் ஒரு கோரைக் கிழங்கு

தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். ‘தெம்பினிஸ்’ மரங்கள் நின்ற வட்டாரத்தில் இப்போது புளோக்குகள் நிற்கின்றன. பதினோராம் மாடியில் இருக்கும் எங்களுக்கு மண் என்றால் சன் பிளாசா பூங்காவில் உள்ள தோட்டப் பாத்திதான். தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடுவது அது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். மூன்று ஆண்டுகளுக்கு நம்முடையது.

வெண்டையும் கத்திரியும் போட்டோம். களையும் கூடவே வந்தது. குப்பைமேனி, கீழாநெல்லி எல்லாம் ஈர மண்ணில் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். பருப்புக்கீரையைக் களை என்று அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. அது கூட்டுக்குப் போனது.

படுத்தியெடுத்தது கோரைப்புல். பிடுங்கினால் கையோடு வருவது புல் மட்டும். மண்ணுக்குள் நூல் போன்ற தண்டில் கிழங்குகள் மணி கோத்ததுபோல இருக்கும்; ஒன்று தங்கினாலும் மறுபடி முளைக்கும். மேலே பிளாஸ்டிக் விரித்தேன். கூர்முனை அதையும் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

நான் செய்த பெரிய தப்பு வேறு. பிடுங்கியதையெல்லாம் உர வாளியில் போட்டேன். அந்த உரத்தில் பாதியைப் பக்கத்துப் பாத்தி மக்சிக்குக்கும் கொடுத்தேன், தாராள மனசுடன்! இரண்டே வாரத்தில் அவரது மிளகாய்ச் செடிகளுக்கு நடுவிலும் கோரை. எனக்கு முகம் காட்டவே கூச்சமாக இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. “தெக்கி” என்று அதன் மலாய்ப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். மறுவாரம் சர்க்கரைவள்ளிக் கொடித்துண்டுகள் கொண்டுவந்தார். கோரைக்கு நிழல் ஆகாது. கொடி படர்ந்து மண்ணை மூடிவிட்டால் அதன் வேகம் குறையும். கொழுந்து கீரையாகவும் ஆகும். அதோடு, முளை தெரிந்த இரண்டு வாரத்துக்குள் சிறு முள்கரண்டியால் ஆழத் தோண்டிக் கிழங்கோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் புதுக் கிழங்கு வைத்துவிடும். எடுத்ததை உரத்தில் போடாமல் குப்பைப் பையில் கட்டுகிறேன்.

சீன மருந்துக் கடைகளில் இதே கிழங்குக்கு ‘சியாங் ஃபூ’ என்று பெயர். அம்மாவோ தேக்காவில் காசு கொடுத்துக் கோரைக்கிழங்கு வாங்கி நலங்குமாவில் சேர்க்கிறார். “இங்கேதான் மூட்டையாகக் கிடக்கிறதே அம்மா” என்றால், “அது காய்ந்ததுடா” என்கிறார்.

போன சனிக்கிழமை எங்கள் பாத்தியில் ஐந்து முளை, மக்சிக்கின் பாத்தியில் மூன்று. இரண்டையும் நானே தோண்டினேன். குத்தகை முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.