பருப்புச் சுற்றிய அண்டவெளி

வாப்பாவின் சில்லறைக் கடைக்குப் பழைய தாள்கள் நிறைக்கு வரும். பருப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிக் கொடுப்பதற்கு. 1978 ஆம் ஆண்டளவில் அப்படி வந்த ஒரு கட்டுக்குள் ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகமொன்று கிடந்தது. நானா கண்டு இழுத்தெடுப்பதற்குள் முன்னட்டையும் நடுவில் சில தாள்களும் வியாபாரமாகிவிட்டன. அண்டவெளியின் ஒரு பகுதி அரை இறாத்தல் பருப்போடு ஊரில் யாருடைய அடுப்படிக்கோ போய்ச் சேர்ந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது, நானாவுக்குப் பன்னிரண்டு. எனக்கு ஆங்கிலம் தெரியாது. நானாவுக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன். இராத் தொழுகைக்கு வாப்பா பள்ளிக்குப் போன பின் விளக்கடியில் புத்தகத்தை விரித்து, நாளைக்கு ஒரு பக்கம், ஆகக் கூடினால் இரண்டு, தமிழில் சொல்வார். அதற்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது.

கதையில் நான்கு வீரர்கள். வியாழனில் பிறந்த அகலமான தடியனுக்கு நானா வைத்த பெயர் ‘நாட்டாமி’. கடைக்கு மூட்டை இறக்க வருபவரின் அதே முதுகு. புளூட்டோவிலிருந்து வந்தவன் உடம்பெல்லாம் பளிங்கு. அவன் ‘கற்கண்டு’. மூன்றாமவன் நீல நிறம், தலையில் சேவற் கொண்டை போல ஒன்று. அம்பை எய்துவிட்டு விசிலடிப்பான், அம்பு விசிலுக்குக் கட்டுப்பட்டு வளைந்து வளைந்து போகும். நான் ஒரு மாதம் விசிலடித்துத் திரிந்து உம்மாவிடம் அடி வாங்கியதற்கு இவனே பொறுப்பு. நான்காமவன் தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு இருந்தான். ‘உயிரோடு கபனிட்டவன்’ என்றார் நானா. எதிரிகள் பச்சை ஓணான்கள். அவர்கள் பூமியைப் பிடித்துவிட்டார்கள், நால்வரும் மீட்கப் போகிறார்கள். நால்வரும் எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்டேன். அந்தத் தாள்கள்தான் பருப்போடு போனவை. நானா தயங்கவேயில்லை. ஒரு கலியாண வீட்டில், ஒரே சஹனில் சாப்பிட உட்கார்ந்தார்களாம்.

2014 இல் மகன் என்னைப் படம் பார்க்கக் கூட்டிப் போனான். ‘கார்டியன்ஸ் ஒஃப் த கெலக்ஸி’. திரையில் ஒரு நீல மனிதன் விசிலடிக்க அம்பு பறந்தது. “இவன் எங்கட ஆள்!” என்று கத்திவிட்டேன். மகன் வெட்கத்தில் கதிரைக்குள் புதைந்துகொண்டான். மற்ற மூவரையும் தேடினேன், காணவில்லை. 2008 இல் உருவான புதிய கூட்டத்தை வைத்தே படத்தை எடுத்திருந்தார்கள்.

பிறகு மகன் பழைய கதையின் மறுபதிப்பைத் தேடித் தந்தான். ‘மார்வல் சூப்பர் ஹீரோஸ்’ 18 ஆவது இதழ், ஜனவரி 1969. எழுதியவர் ஆர்னல்ட் டிரேக், வரைந்தவர் ஜீன் கோலன். அந்த ஒரு கதையோடு நால்வரையும் மறந்துபோய், ஐந்து வருடம் கழித்து 1974 இல்தான் மீண்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். உலகத்தை மீட்கப் புறப்பட்டவர்களுக்கு நடந்த மரியாதை இது.

நானாவின் பொய்களைப் பிடிக்கும் ஆசையோடுதான் வாசித்தேன். கலியாண வீடு இல்லை. நாட்டாமிக்கு சார்லி 27 என்று பெயர். ஆனால் ஆகப் பெரிய புளுகு என்று நான் இத்தனை காலமும் நினைத்திருந்தது எழுத்துப் பிசகாமல் அங்கே இருந்தது. கபனிட்டவன் வான்ஸ் அஸ்ட்ரோ, அல்ஃபா செந்தோரிக்குத் தன்னந்தனியாகப் புறப்படுகிறான். ஆயிரம் வருடப் பயணம். போய் இறங்கினால் அங்கே மனிதர்கள் வரவேற்க நிற்கிறார்கள். இவன் போய்க்கொண்டிருக்கும்போதே ஊரில் வேகமான கப்பலைக் கண்டுபிடித்து இவனை முந்திவிட்டார்கள். அந்த உடுப்பைக் கழற்றினால் ஆயிரம் வயதும் ஒன்றாக வந்து விழும், செத்துப்போவான்.

அவன் புறப்பட்ட ஆண்டு 1988 என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடி வைத்தேன். நானா சவூதிக்குப் போனதும் 1988 இல்தான். இருபத்தொரு வருடம். இரண்டு ராத்தாமாருக்கு வீடு, எனக்குப் படிப்பு. திரும்பி வந்தபோது எங்கள் எல்லோருடைய பிள்ளைகளும் வளர்ந்து, வாசலில் வரவேற்க நின்றார்கள். அவருடைய மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது.

அன்றிரவே தொலைபேசியில் கேட்டேன், “நானா, அந்த ஆயிரம் வருசக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு எங்கடா இங்கிலீசு? டிஸ்பென்சரி ஐயாதான் வாசிச்சுச் சொல்லுவார். பக்கத்துக்கு ஒரு சுருட்டு.”

“சுருட்டு?”

“வாப்பாட கடையிலதான். வாப்பா கல்லாவ விட்டு எழும்பாத நாளில சுருட்டும் இல்ல, கதையும் இல்ல. அப்ப நானே சொன்ன.”

கலியாண வீடு எந்த நாளில் வந்தது என்பது விளங்கிற்று. 1988 பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவரே கேட்டார்:

“அந்தக் கபன்காரன் பொறகு உடுப்பக் கழட்டினானா?”

“இந்தக் கதையில இல்ல நானா.”

“அப்ப அது பருப்புச் சுத்தின தாள்ல ஈந்திருக்கும்” என்றார்.