வத்தத்தில் போவது

பிச்சாவரம் அலையாத்திக் காடு. காலை வத்தம் தொடங்கிவிட்டது. சுரபுன்னை வேர்களில் ஈரக்கோடு ஒரு சாண் மேலே நிற்க, தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி இருளர் பெண்கள் மார்பளவு நீரில் நகர்கிறார்கள். கைகள் சேற்றைத் தடவி இறால் தேடுகின்றன. வாயில் பறி இருக்க, பேச்சு ஏது?

பழுத்த இலை ஒன்று விழுகிறது. நண்டு அதன் ஓரத்தைப் பற்றி வளைப் பக்கம் இழுக்கிறது, பாதியில் விட்டுப் போகிறது. வேரிடுக்கில் முன்பே கிடக்கும் இலைகள் கறுத்து ஊறியிருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தேங்கிய நீர், பால் ஊற்றாத டீயின் நிறம். அது குழியை விட்டு மெல்ல வழிந்து வாய்க்காலில் சேர்கிறது.

நிறத்துக்குக் காரணம் இலையிலிருந்தும் சேற்றிலிருந்தும் கரைந்து வந்த கரிமச் சேர்மங்கள். புட்டியில் பிடித்தால் கலங்கல் இல்லை. 0.7 மைக்ரான் கண்ணாடியிழை வடிதாளில் ஊற்றினாலும் நிறம் தாளில் தங்காமல் கீழே இறங்கிவிடும். தாளைத் தாண்டியது கரைந்தது, தங்கியது துகள் என்று ஆய்வகத்தில் பிரிக்கிறார்கள். வசதிக்காகப் போட்ட கோடுதான். தண்ணீருக்கு அது தெரியாது.

வாய்க்கால் வாய்க்காலில் கூடி, சின்னவாய்க்கால் முகத்துவாரம் பார்த்து நகர்கிறது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். ஐப்பசி கார்த்திகையில் அவை பெருகும்போது வயல்மண், சருகு, ஊர்ச்சாக்கடை எல்லாவற்றின் சாறும் இதே வழியில் வரும். இன்று வெயில் மட்டும்தான். அதுவும் வேலை செய்கிறது: நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளை உடைத்து வெளிறச் செய்கிறது. உடைந்ததைப் பாக்டீரியாக்கள் தின்று கரியமில வாயுவாக மூச்சுவிடுகின்றன. உப்பு கூடும் இடத்தில் கொஞ்சம் திரண்டு சேற்றில் படிகிறது. மிச்சம் அலை தாண்டுகிறது.

முகத்துவாரத்தில் பழுப்புப் பட்டை ஒன்று நீலத்துக்குள் நீண்டு, கண்முன்னே அற்றுப்போகிறது. ஒரு ஃபைபர் படகு அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. படகிலிருப்பவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலையில் சிக்காததை அவர் ஏன் பார்க்கவேண்டும்?

உலக ஆறுகள் ஆண்டுக்குச் சுமார் 25 கோடி டன் கரிமத்தை இப்படிக் கரைத்தே கடலில் சேர்க்கின்றன. அலையாத்திக் காடுகள் உலக நிலப்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலத்திலிருந்து கடலுக்குக் கரைந்து போகும் கரிமத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவை தருவதே என்று, வட பிரேசில் கரையை ஆராய்ந்து தோர்ஸ்டன் டிட்மர் குழு 2006-இல் கணக்கிட்டது.